கடல் பக்கத்து இருக்கை: நண்பரோடு முதல் முறையாகக் கார்ப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு

கடலோரச் சாலையில் எந்தத் திசையில் போவது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் இடப்பக்கம் வருகிற மாதிரிப் போக வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் வலப்பக்கம். அப்படிப் போனால்தான் அழகான இடம் கண்ணில் பட்டதும் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் ஓரம் கட்ட முடியும். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில், அதன் கிழக்கு முனையில் இருக்கும் டார்க்கீ என்ற ஊரிலிருந்து மேற்கே போகச் சொல்வதும், கலிஃபோர்னியாவின் 1ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கச் சொல்வதும் இதனால்தான்.

இதில் இன்னொன்றும் சேர்ந்தே வருகிறது. எந்த நாடாக இருந்தாலும், இப்படிப் போகும்போது கடல் எப்போதும் ஓட்டாதவர் பக்கம்தான் இருக்கும். ஸ்டீயரிங் பிடித்தவருக்குத் தார்ச்சாலையும் வளைவும். பக்கத்தில் இருப்பவருக்கு முழுக் கடல்.

இரண்டு பேர் சேர்ந்து போகும் பயணத்தை இந்த இடத்திலிருந்து திட்டமிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். யார் எவ்வளவு நேரம் ஓட்டுவது, யாருக்கு எப்போது அந்த இருக்கை, அதில் இருப்பவர் என்ன வேலை பார்க்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். முடிவாகாவிட்டால் எவ்வளவு நல்ல ஓட்டல் போட்டாலும் மூன்றாம் நாள் காருக்குள் யாரும் பேச மாட்டார்கள்.

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்னால்

எங்கே போவது என்று பேசத் தொடங்கும் முன், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எப்படிப் போவது என்று பேசுங்கள். நான் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? இருட்டில் ஓட்டப் பிடிக்குமா? பயமாக இருக்குமா? மலை வளைவில் தலை சுற்றுமா? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம்? குறட்டை விடுவாயா? (இதை வெட்கப்படாமல் கேட்டுவிட வேண்டும். தூங்காத இரவுக்கு மறுநாள் அதே ஆள் கார் ஓட்ட வேண்டும்.) அப்புறம், நாள் முழுக்க ஒன்றாகவே இருக்க வேண்டுமா, நடுவில் இரண்டு மணி நேரம் தனியாகச் சுற்றினால் வருத்தப்படுவாயா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், ஆறு நாள் ஒரு கார், ஒரு அறை, ஒரே மேசை என்று இருப்பது வேறு மாதிரி. ஒருவர் அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், இன்னொருவர் கரையோரம் நடக்கட்டும். மாலையில் சந்தித்துக்கொள்ளும்போது பேச இரண்டு மடங்கு விஷயம் இருக்கும்.

இருவரும் ஆளுக்கு மூன்று இடம் எழுதுங்கள்: கண்டிப்பாகப் பார்த்தே ஆக வேண்டியவை. அந்த ஆறு இடங்கள்தான் பயணத்தின் எலும்புக்கூடு. மற்றதெல்லாம் போகிற வழியில் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் போடுங்கள்

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. 300 கிலோமீட்டர்தானே, நாலு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுவார்கள். நெடுஞ்சாலையில் அது சரி. கடலோரச் சாலையில் வளைவு, ஊர், மெதுவாகப் போகும் சுற்றுலா வண்டி எல்லாம் இருக்கும். சராசரி வேகம் 50ஐத் தொடுவதே பெரிது. கிரேட் ஓஷன் ரோடு மொத்தமே சுமார் 240 கிலோமீட்டர்தான். அதை ஒரே நாளில் போய்த் திரும்ப முயல்கிறவர்கள், பன்னிரு அப்போஸ்தலர்கள் என்று பெயர் பெற்ற பாறைத் தூண்களின் முன்னால் களைத்துப்போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு ஓடுகிறார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919இல் தொடங்கி 1932 வரை வெட்டிய சாலை அது. அதற்கு இரண்டு நாளாவது கொடுக்க வேண்டும்.

நான் பின்பற்றும் கணக்கு: செயலி காட்டும் நேரத்தோடு கால் பங்கு சேர்த்துக்கொள்வேன். கடலோரம் என்றால் பாதிப் பங்கு. இப்படிச் சேர்த்த பிறகு ஒரு நாளைக்கு ஓட்டும் நேரம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினாலும். மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். துணி துவைக்க, தூங்க, காரைத் தொடாமல் ஒரு நாள் கழிக்க அது வேண்டும். தினமும் ஒரு ஊர், தினமும் பெட்டி கட்டுவது என்று போனால் நான்காம் நாளில் எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே கலங்கிவிடும்.

தங்குமிடத்தை முழுவதுமாக முன்பதிவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. முதல் இரண்டு இரவும் கடைசி இரவும் உறுதியாக இருக்கட்டும். நடுவில் உள்ளவற்றை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் போட்டு வையுங்கள். விடுமுறைக் காலம் என்றால் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. கடலோர ஊர்கள் சிறியவை, அறைகள் சட்டென்று தீர்ந்துவிடும்.

இன்னொரு சின்ன உத்தி. வார இறுதியில் கடற்கரைகள் நிரம்பி வழியும். பெருநகரச் சாலைகளோ அலுவலக வண்டிகள் இல்லாமல் காலியாக இருக்கும். ஆகவே நகரத்தைச் சனி ஞாயிறில் வையுங்கள், கடலை வார நாட்களில் வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு இரண்டு இடத்திலும் நெரிசலில் நிற்கிறார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு சாலை திறந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கடலோர மலைச்சாலைகள் சரியக்கூடியவை. கலிஃபோர்னியாவின் பிக் சுர் பகுதியில் 2017 மே மாதம் மலை சரிந்து 1ஆம் எண் நெடுஞ்சாலையை மூடிவிட்டது; மறுபடி திறக்க 2018 ஜூலை ஆனது. அப்படிப்பட்ட இடத்தில் மாற்று வழி என்பது மலையைச் சுற்றிக்கொண்டு பல மணி நேரம்.

காகிதங்களும் காரும்

வெளிநாடு என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டியிருக்கும். அதில் பரவலாகக் கொடுப்பவை இரண்டு வகை: 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுப்பது, 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி கொடுப்பது. எல்லா நாடும் இரண்டையும் ஏற்காது. உதாரணமாக ஜப்பான் 1949 வகையைத்தான் ஏற்கும். உங்களிடம் இருப்பது எது, போகிற நாடு கேட்பது எது என்று முன்னாலேயே பாருங்கள். இந்த அனுமதி மட்டும் இருந்தால் போதாது, சொந்த ஊர் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

வாடகைக் கார் எடுத்தால், இரண்டாவது ஓட்டுநரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பெயர் இல்லாத நண்பர் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் செல்லாமல் போகலாம். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து ஒருவரே முழுப் பயணமும் ஓட்டுவது அதைவிட மோசம். இன்ஷூரன்ஸில் எதெல்லாம் சேராது என்றும் கேளுங்கள். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், மணலில் ஓட்டியதால் வந்த சேதம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும்.

காரைச் சுற்றி வந்து செல்பேசியில் ஒரு வீடியோ எடுங்கள். சக்கர விளிம்பு, முன் கண்ணாடி, கூரை, உள்ளே எரிபொருள் முள், ஓடிய கிலோமீட்டர். ஒரு நிமிட வேலை. பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்னக் காற்றுப் பம்பும்தான் வைத்திருப்பார்கள். ஜாக்கி எங்கே, எச்சரிக்கை முக்கோணம் எங்கே என்று வெயிலில் நிற்கும்போதே தெரிந்துகொண்டால் மழையில் தேட வேண்டாம்.

சொந்தக் கார் என்றால் டயர் காற்று, பிரேக், கூலன்ட், வைப்பர் ரப்பர் ஆகியவற்றை ஒரு வாரம் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கிளம்பும் நாளில் பார்த்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. காற்று அளக்கும்போது டயர் ஆறியிருக்க வேண்டும். ஓட்டிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

பெட்டிகள் மெத்தென்ற துணிப்பைகளாக இருந்தால் டிக்கியில் எப்படியும் அடங்கும். சாவி இரண்டு இருந்தால் ஆளுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே பையில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பை காருக்குள் இருக்க, கார் பூட்டியிருக்கும்.

ஓட்டுகிறவரும் உடன் இருப்பவரும்

நானும் என் நண்பனும் சேர்ந்து போன முதல் நீண்ட பயணத்தின் மூன்றாம் நாள். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி இருக்கும். அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். திரும்ப வேண்டிய இடத்தை ஒரு முறை விட்டான். பரவாயில்லை என்று அடுத்த திருப்பத்தைச் சொன்னேன், அதையும் விட்டான். பேச்சு குறைந்துவிட்டது. கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். எனக்குப் புரிந்தது. ஆனால் வண்டியைக் கொடு என்று கேட்டால் அவன் ஓட்டுவது பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வானோ என்று பேசாமல் இருந்தேன். அடுத்த நிமிடம் இடப்பக்கச் சக்கரம் சாலை ஓரத்துக் கோடுகளின் மேல் ஏறி டர்ர்ர்ரென்று கார் முழுக்க அதிர்ந்தது. அவன் திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை நேராக்கினான். காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இருவரும் நெடுநேரம் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

அன்று நாங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இன்றுவரை இருக்கிறது: பக்கத்தில் இருப்பவர் வண்டியைக் கேட்டால், ஓட்டுகிறவர் ஏன் என்று கேட்கக் கூடாது. அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கொடுத்துவிட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை என்பதால் கேட்பதில் தயக்கமும் இல்லை. நீங்களும் முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கும். கண் நான்கு நொடி மூடினால் 110 மீட்டர். அந்தத் தூரம் முழுவதையும் யாருமே ஓட்டவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் திறன் அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவோடு ஓட்டினாலே குற்றம். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஊர் சுற்றிவிட்டு ராத்திரி 10 மணிக்குக் கார் எடுக்கிறவர் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

தூக்கம் அழுத்தும் நேரங்கள் இரண்டு: நள்ளிரவு தாண்டி விடியும் வரை, அப்புறம் மதியம் 2 முதல் 4 வரை. முதலாவதில் ஓட்டவே வேண்டாம். இரண்டாவதை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இறங்கி, கால் நீட்டி, ஆளை மாற்றுங்கள். லாரி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குக்கூட ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் நாலரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்ட அனுமதிப்பதில்லை. 45 நிமிட ஓய்வு கட்டாயம். நமக்கு அந்தப் பழக்கமும் இல்லை. அசதியாக இருந்தால் ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்குங்கள். காபியின் வேலை தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் விழிக்கும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். சத்தமாகப் பாட்டு வைப்பது, கண்ணாடியைத் திறப்பது எல்லாம் தூக்கத்தைச் சில நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

சரி, பக்கத்து இருக்கைக்காரரின் வேலை என்ன? வழி சொல்வது. அதுவும் திருப்பம் வந்த பிறகு சொல்லாமல், “ரெண்டு சிக்னல் தாண்டி வலது, இப்பவே வலப்பக்கம் போயிடு” என்று முன்கூட்டியே. செல்பேசியைத் தொடுவது, செய்திக்குப் பதில் போடுவது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது, எரிபொருள் எங்கே நிரப்பலாம் என்று பார்ப்பது, எல்லாமே அவர் பொறுப்பு. ஓட்டுகிறவர் செல்பேசியைத் தொடவே கூடாது. அசதி தெரிகிறதா என்று கவனிப்பதும் அவர்தான்: அடிக்கடி கண் சிமிட்டுவது, முகத்தைத் தேய்ப்பது, வண்டி கோட்டை ஒட்டிப் போவது, திருப்பத்தைத் தவறவிடுவது. எதைச் செய்யக் கூடாது என்பதும் உண்டு. காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பது, ஒவ்வொரு முந்தலுக்கும் மூச்சை இழுப்பது, தான் ஓட்டினால் எப்படிப் போவேன் என்று சொல்வது. ஆபத்து என்றால் தெளிவாகச் சொல்லுங்கள். மற்ற நேரம் கடலைப் பாருங்கள். கடல் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

அழகான பகுதி வரும்போது யார் ஓட்டுவது என்று முதல் நாள் இரவே பிரித்துக்கொள்வோம். ஒருவருக்குக் காலைக் கடல், மற்றவருக்கு மாலைக் கடல். அடுத்த நாள் மாறும். வண்டி ஓட்டப் பிடிக்கும் என்று சொல்லி ஒருவரே எப்போதும் ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டால், ஊருக்குத் திரும்பிப் புகைப்படம் பார்க்கும்போதுதான் அவர் எதையெல்லாம் பார்க்கவில்லை என்று தெரியும்.

கடலிடம் நேரம் கேட்டுப் போங்கள்

கடற்கரைக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதைக் கடல்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு ஏறிய கடல் நாளை 8.50 வாக்கில் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்று அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அன்றைய திட்டத்தின் தலையிலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்றத்தின் அளவு இடத்துக்கு இடம் மிகவும் மாறும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் இறங்குவது தெரியவே தெரியாது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். பிரான்ஸில் நுவார்மூத்தியே தீவுக்குப் போகும் பாசாஜ் து குவா என்ற சாலை நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். தினமும் இரண்டு முறை அது கடலுக்குள் போய்விடும். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுச் சாலையும் அப்படித்தான். நேரம் பார்க்காமல் இறங்கிய கார்கள் அங்கே மாட்டிக்கொள்வது இன்னும் நடக்கிறது.

கடல் ஒரே சீராக ஏறாது என்பதுதான் புதியவர்களை ஏமாற்றும் விஷயம். ஆறு மணி நேரத்தில் ஏறுவதைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத்தானே ஏறுகிறது என்று பாறைக்கு அந்தப் பக்கம் நடந்து போனவர் திரும்பி வரும்போது வழி இருக்காது.

ஒரு முறை ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்று நாங்கள் காரை அதன் மேலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது கார் இருந்தது, ஆனால் வந்த டயர் தடத்தில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு அலைக்கும் தடத்தின் விளிம்பு கரைந்து உள்ளே சரிந்துகொண்டிருந்தது. வண்டியை எடுத்தால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புதைந்தது. டயரில் பாதிக் காற்றை இறக்கி, தரைவிரிப்புகளை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, ஒருவர் தள்ள ஒருவர் மெதுவாக எடுத்து மேலே ஏற்றினோம். அதன் பிறகு சாதாரணக் காரை மணலில் இறக்கியதே இல்லை. மணலில் ஓட்டுவதற்கென்று வண்டி வைத்திருக்கிறவர்கள் டயர் அழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்துக்கொண்டு இறங்குவார்கள். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்று அடிப்பார்கள். அந்தப் பம்ப் கையில் இல்லை என்றால் மணல் நமக்கு இல்லை.

குளிக்க இறங்கினால் உயிர்காப்பாளர் இருக்கும் கரையில் மட்டும் இறங்குங்கள். மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி மஞ்சள் கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடி என்றால் கடல் ஆபத்தாக இருக்கிறது, இறங்க வேண்டாம். கொடியே இல்லாத கரையில் கரையோரமாக நின்று ஐந்து நிமிடம் அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நுரைத்து உடைய, நடுவில் மட்டும் ஒரு பட்டை அமைதியாக, கொஞ்சம் இருண்டு தெரிந்தால், புதியவர்கள் அங்கேதான் பாதுகாப்பு என்று இறங்குவார்கள். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தோற்காதீர்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து பிறகு திரும்புங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இருக்க வேண்டாம். ஒருவர் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். நண்பர் தவித்தால், அவர் பின்னால் வெறும் கையோடு பாயாமல் உதவிக்குக் குரல் கொடுத்து, மிதக்கும் ஏதாவது ஒன்றை எறிய வேண்டும்.

காற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கும். படகு, நீச்சல், அமைதியான தண்ணீரில் புகைப்படம் எல்லாம் காலையில். குளிர்ந்த கடல் உள்ள கரைகளில் கோடையிலும் மூடுபனி உருண்டு வரும். அதில் மேல்நோக்கிய வெளிச்சம் போட்டால் எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போட்டு வேகத்தைக் குறைத்து, முன்வண்டிக்கு இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

கரையில் இருந்து கிளம்பும்போது முன்கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், விரலில் உப்பு ஒட்டும். மாலை வெயில் எதிரே அடித்தால் அந்த உப்புப் படலம் முழுக் கண்ணாடியையும் பால்போல ஆக்கிவிடும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் துணியும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

நகரங்கள்

நகரத்துக்குள் காரோடு நுழையாதீர்கள். புறநகரில் ரயிலோ மெட்ரோவோ கிடைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போவதுதான் நிம்மதி. பல நகரங்களில் காருக்குக் கட்டணமும் தடையும் உண்டு. லண்டன் 2003 முதல் நெரிசல் கட்டணம் வாங்குகிறது. இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகும் எல்லைகளைக் கேமரா கண்காணிக்கிறது. தெரியாமல் நுழைந்தவர்களுக்கு அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

தங்குமிடம் நகரத்துக்குள் என்றால், பார்க்கிங் இருக்கிறதா என்பதோடு எவ்வளவு உயரம் வரை நுழையும், முன்பதிவு வேண்டுமா என்றும் கேளுங்கள். அலுவலகம் விடும் நேரத்தில் போய்ச் சேராதீர்கள். நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் ஓட்டியதைவிட அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் இருவருக்கும் சண்டை மூட்டும். மதியம் 3 மணிக்குள் சேருங்கள், முடியாவிட்டால் 8 மணிக்கு மேல்.

பைகளை டிக்கிக்கு மாற்றுவதை நிறுத்தும் இடத்தில் செய்யாதீர்கள். அதற்கு முன் எங்கேயாவது நின்று எல்லாவற்றையும் மறைத்துவிட்டு வந்து, இறங்கி, பூட்டி, நடந்துவிட வேண்டும். இடத்தில் வந்து டிக்கியைத் திறந்து மூடினால், பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்கும் எதை எங்கே வைத்தோம் என்று தெரியும்.

பணம்

ஆளுக்குச் சம அளவு போட்டு ஒரு பொதுப் பணப்பை வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள், டோல், பார்க்கிங், அறை இவை அதிலிருந்து. சொந்த வாங்கல்கள் தனித்தனி. அபராதம் வந்தால் யார் கட்டுவது என்பதையும் முன்னாலேயே பேசுங்கள். வேகத்துக்கு வந்தது ஓட்டியவருடையது, வழி தவறியதால் வந்தது இருவருடையது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். தினமும் இரவு ஐந்து நிமிடம் கணக்கு எழுதிவிட்டால் கடைசி நாளில் பழைய ரசீதுகளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

வண்டி நின்றுவிட்டால்

ஹஸார்டு லைட்டைப் போடுங்கள். முடிந்தவரை ஓரத்துக்கு உருட்டுங்கள். போக்குவரத்து இல்லாத பக்கக் கதவு வழியாக இருவரும் இறங்கி, தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால் நில்லுங்கள். வேகமான சாலையில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. அப்புறம்தான் போன். 112 என்ற எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். வேறு பல நாடுகளிலும் அதே எண்தான். போகிற நாட்டின் எண்ணை இருவர் செல்பேசியிலும் பதிந்துவையுங்கள். கடலோர மலைப்பகுதிகளில் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். எரிபொருளையும் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்சாரக் கார் என்றால் எதிர்க்காற்றும் வேகமும் தூரத்தை நன்றாகவே குறைக்கும். அடுத்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அதற்கடுத்தது வரை போகிற அளவுக்கு மிச்சம் வையுங்கள். வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகத்தான்; அந்த அளவோடு கிளம்பி அடுத்த இடத்தில் மறுபடி போடுவதே நேரம் மிச்சம்.

கடைசி நாள்

கடைசி நாளில் அதிகத் தூரம் வைக்காதீர்கள். வீட்டு நினைப்பு வந்ததும் கால் தானாக அழுத்தும். சொந்தக் கார் என்றால் போய்ச் சேர்ந்த ஓரிரு நாளுக்குள் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சக்கர வளைவுக்குள்ளும் உப்பும் மணலும் படிந்திருக்கும், அது இரும்பை அரிக்கும். வாடகைக் கார் என்றால் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே எரிபொருள் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒரு சுற்று வீடியோ.

பிறகு இருக்கைகளுக்கு அடியில் கை விட்டுத் துழாவுங்கள். எங்களுக்கு இதுவரை கிடைத்தவை: ஒரு சார்ஜர், ஒரு ஒற்றைச் செருப்பு, மூன்று நாளாகத் தேடிய குளிர்கண்ணாடி, கையளவு சிப்பி. எல்லாமே கடல் பக்கத்து இருக்கைக்கு அடியில்தான் இருந்தன.